பேர் வெட்டின செம்பு

தலைப்பு: பழைய பொருள்களைக் காக்க ஏற்ற இடம் அருங்காட்சியகமே! வீடே!
("வீடே" என்ற அணியில் பேசிய இல்லத்தரசி ஒருவரின் உரை)

நடுவர் அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசி என் வேலையைப் பாதி சுலபமாக்கிவிட்ட எதிரணி நண்பர்களுக்கும், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "மணி அடிக்கிறதுக்குள்ள முடிச்சிடு" என்று கண்ணாலேயே மிரட்டிக்கொண்டிருக்கும் என் அணித் தோழர்களுக்கும், அரங்கம் நிறைந்து அமர்ந்திருக்கும் உங்களுக்கும், வீட்டில் குக்கர் விசிலுக்கு நடுவில் இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் சகோதரிகளுக்கும் பணிவான வணக்கம். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, எதிரணியில் கடைசியாகப் பேசிய நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "அறுநூறு சதுர அடி ஃபிளாட்டுல ஆள் படுக்கவே இடமில்ல. அதுல அண்டாவை எங்க வைக்கிறது? அண்டாவுக்குள்ள நாம படுத்துக்கலாமா?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏன்னா நான் குடியிருக்கிறதும் தாம்பரத்துல அதே அறுநூறு சதுர அடிதான். (சிரிப்பு) என்னோட கஷ்டத்தை அவர் எனக்குப் பதிலா பேசிட்டாரேங்கிற சந்தோஷம்!

அருங்காட்சியகம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அவர் பெருமையாகச் சொன்ன முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு நான் குடும்பத்தோடு போயிருக்கிறேன். போய்விட்டு வந்த பிறகுதான் இந்த அணியில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நான் பார்த்ததை மட்டும் சொன்னால் நீங்கள் அவருக்கு ஓட்டுப் போட்டுவிடுவீர்கள். அங்கே எனக்கு நடந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். அப்புறம் தீர்ப்பு உங்க கையில.

முதலில் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால், முட்டுக்காடு படகுத்துறையைத் தாண்டியதும் கடல் பக்கமாக இருக்கிறது தட்சிணசித்ரா. 1996 டிசம்பரில் திறந்தார்கள். இதற்கு மூலகாரணமாக இருந்தவர் டெபோரா தியாகராஜன் என்ற அம்மையார். அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கேரளாவில் செங்கல்லையும் சுண்ணாம்பையும் வைத்தே அழகழகாக வீடு கட்டிக்காட்டிய லாரி பேக்கர் இதற்கு வரைபடம் போட்டார். அவர் வழியில் வந்த பென்னி குரியாகோஸ் கட்டி முடித்தார். அந்த அம்மா அமெரிக்கா, பேக்கர் இங்கிலாந்து. நம்ம வீட்டைக் காப்பாத்த ஆள் எங்கெங்கே இருந்தெல்லாம் வந்திருக்காங்க பாருங்க! நாம என்ன பண்ணிக்கிட்டிருந்தோம்? எடைக்குப் போட்டுக்கிட்டிருந்தோம். (கைதட்டல்)

தமிழ்நாடு, கேரளா, கர்நாடகம், ஆந்திரம் என்று நாலு பக்கத்து வீடுகள் அங்கே இருக்கின்றன. கண்ணாடிக்குள் வைத்த பொம்மை வீடு இல்லை. உள்ளே போய் உட்காரக்கூடிய நிஜ வீடுகள். எங்கேயோ ஒரு ஊரில் இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் போய் விலைக்கு வாங்கி, தூண், உத்தரம், கதவு, நிலை எல்லாவற்றையும் பிரித்து, அடையாளம் போட்டு, லாரியில் ஏற்றி வந்து, அந்தந்த ஊர் வேலை தெரிந்த தச்சர்களையும் கொத்தனார்களையும் வைத்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு மேசையைப் பிரித்து மாட்டினாலே நமக்கு நாலு திருகாணி மிஞ்சிப் போகிறது. (சிரிப்பு) இவர்கள் வீட்டையே பிரித்து மாட்டியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு வீடும் ஒரு பாடம். ஆந்திரக் கடலோரத்து வீடு ஒன்று வட்டமாக இருக்கிறது. என் பையன் எட்டாம் வகுப்பு. "ஏம்மா மூலையே இல்லாம கட்டியிருக்காங்க?" என்றான். புயல் அடிக்கிற ஊரப்பா அது. சுவர் வட்டமாக இருந்தால் காற்று முட்டி நிற்காமல் சுற்றிக்கொண்டு போய்விடும். எந்தக் கல்லூரியில் படித்துக் கட்டினார்கள்? வாங்கின அடிதான் பாடம்!

கேரளத்துப் புதுப்பள்ளி பக்கத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு ஒன்று. முழுக்க மரம். முன்பக்கத் தாழ்வாரத்தைத் தாண்டினால் நேராக எதிர்ப்படுவது வரவேற்பறை இல்லை. நெல் அறை! வீட்டுக்கு வருகிறவர் கண்ணில் முதலில் படவேண்டியது நெல்லு. இன்னைக்கு நம்ம வீட்டுல கதவைத் திறந்ததும் என்ன தெரியும்? டிவி! பரவாயில்லை, அதில் நான் தெரிகிறேன் என்பதால் இன்று ஒருநாள் மன்னித்துவிடலாம். (சிரிப்பு, கைதட்டல்)

அப்புறம் நம்ம செட்டிநாட்டு வீடு. பர்மா தேக்குத் தூண், ஆளை விழுங்குகிற நிலைக்கதவு. செட்டிநாட்டில் சுவருக்குச் சுண்ணாம்போடு கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் பூசி, தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆக்குவார்கள். தரைக்கு ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகை மேல் கலர் சிமெண்டை ஊற்றிக் கையாலேயே வார்க்கிற கல். நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். நம்ம வீட்டு டைல்ஸ்ல நடக்க நடக்க வழுக்குறதுதான் ஏறுது!

அப்படிக் கட்டின வீடுகளை ஏன் பிரிக்கிறார்கள்? பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் பார்த்துச் சேர்த்த பணத்தில் கட்டினார்கள். யுத்தம் வந்தது, தொழில் போனது, பிள்ளைகள் ஊர் ஊராகப் பிரிந்தார்கள். ஒரு வீட்டுக்கு இருபது பங்கு, முப்பது பங்கு. ஓடு மாற்றக்கூட முப்பது பேர் சம்மதிக்க வேண்டும். சம்மதிப்பதற்குள் உத்தரத்தைக் கரையான் சாப்பிட்டுவிடுகிறது. செட்டிநாட்டு ஊர்களை 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். அதே செட்டிநாட்டுத் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு விலைக்கு வந்துகொண்டும் இருந்தன. இரண்டும் நடந்தது ஒரே மண்ணில்தான்.

"பார்த்தீர்களா, நம் கட்சிக்கே பேசுகிறாரே" என்று எதிரணி நண்பர் சிரிக்கிறார். சிரிங்க. நடந்ததுக்கு இப்பதான் வர்றேன்.

நடுவர் அவர்களே, என் புகுந்த வீடு மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். மாளிகை இல்லை. ஆனால் திண்ணை, நடை, கூடம், நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி நாலு மரத்தூண், பின்னால் கொல்லை என்று காற்றோட்டமான ஓட்டு வீடு. என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், 1963-இல் பதினெட்டு வயதில் அந்த வீட்டுக்குள் வந்தவர்கள். நாலு பிள்ளைகளை அங்கேதான் பெற்றார்கள். மாமா போனதும் அங்கேதான். பிள்ளைகள் நாலு பேரும் நாலு ஊர். வீடு பூட்டிக் கிடந்தது. ஓடு சரிந்தது, மழைத் தண்ணி கூடத்துக்குள் வந்தது. 2011-இல் விற்றோம். நாலு பங்கு. இதில் யாரும் வில்லன் இல்லை. எங்கள் பங்கு என் பெரிய மகள் காலேஜ் ஃபீஸுக்குப் போனது. அவள் இன்று நன்றாக இருக்கிறாள். அதனால் விற்றது தப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

விற்ற விதம்தான் தப்பு.

மனை வாங்கியவருக்கு வீடு வேண்டாம், இடம்தான் வேண்டும். மரச் சாமானுக்குத் தனியாக ஒரு வியாபாரி வந்தார். தூணைக் கன அடிக் கணக்கில் அளந்தார். கதவு, நிலை, பத்தாயம், ஊஞ்சல் பலகை எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசினார். பித்தளைச் சாமானைக் கிலோ கணக்கில் எடுத்தார். தராசில் தூக்கி வைத்தது யார் தெரியுமா? நான்தான். அண்டா, குண்டான், கூஜா, தவலை, தூக்கு. "இது எத்தனை கிலோ, அது எத்தனை கிலோ" என்று நோட்டில் எழுதினவளும் நான்தான். எங்கள் வீட்டில் படித்த மருமகள் நான் ஒருத்திதானே! (சிரிப்பு)

அத்தை கொல்லைப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. முற்றத்துத் தூணை லாரியில் ஏற்றும்போது மட்டும், "எங்கம்மா போகுது இதெல்லாம்?" என்று கேட்டார்கள். எனக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மியூசியத்துக்குத்தான் அத்தை போகுது. அங்க பத்திரமா வச்சிருப்பாங்க. ஒருநாள் போய்ப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

பொய், நடுவர் அவர்களே. அந்தத் தூண் எந்த ஹோட்டல் வாசலுக்குப் போனதோ, எந்தப் பண்ணை வீட்டுக்குப் போனதோ, விறகுக்கே போனதோ, எனக்குத் தெரியாது. வியாபாரியை நான் கேட்கவும் இல்லை. அந்த நேரத்துக்கு ஒரு ஆறுதலாகச் சொன்னேன். மறந்தும் போய்விட்டேன்.

பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. 2023 டிசம்பர். பள்ளிக்கூட விடுமுறை. பையனுக்குப் ப்ராஜெக்ட். "அத்தை, தட்சிணசித்ரான்னு ஒரு மியூசியம். பழைய வீடெல்லாம் கொண்டுவந்து வச்சிருக்காங்களாம், வர்றீங்களா?" என்றேன். முழங்கால் வலி என்று கோயிலுக்குக்கூட வராதவர்கள், முதல்நாள் ராத்திரியே புடவை எடுத்து வைத்துவிட்டார்கள். வெளியில் போக ஆசைப்படுகிறார்கள் என்று நினைத்தேன். எனக்குப் புரியவில்லை.

அங்கே போனதும் அத்தை ஆளே மாறிவிட்டார்கள். திண்ணையைப் பார்த்துவிட்டு என் பையன், "இது என்ன, பஸ் ஸ்டாப்பா?" என்றான். அத்தை சொன்னார்கள்: "பஸ் ஸ்டாப்தான்டா. ஆனா நாங்க டிக்கெட் கேக்கமாட்டோம், சோறு போடுவோம்." (பலத்த கைதட்டல்)

சுவரில் இருந்த மாடத்தைப் பார்த்துவிட்டு, "இதுல செல்போன் வச்சு சார்ஜ் போடுவாங்களா பாட்டி?" என்றான். "விளக்கு வைக்கிற மாடம்டா. காத்து அடிச்சாலும் அணையாது, குழந்தை கைக்கும் எட்டாது" என்று சொன்னார்கள். அவர்களுக்குப் பத்தாயம் ஞாபகம் வந்துவிட்டது. "நம்ம வீட்டுல மரத்துல பத்தாயம் இருந்துச்சு. மேல நெல்லைக் கொட்டுவோம், கீழ ஒரு வாய் இருக்கும், அதுல எடுப்போம். அப்பதான் பழைய நெல்லு முதல்ல வரும், புது நெல்லு பின்னால வரும்." என் பையன், "ஓ, அந்தக் காலத்து ஏடிஎம்மா?" என்றான். "ஆமாண்டா, ஆனா போட்டாத்தான் வரும். உங்கப்பன் கார்டு மாதிரி இல்லாததையும் குடுக்காது!" (சிரிப்பு, கைதட்டல்)

பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். கையில் நோட்டுப் புத்தகம். இந்தப் பேச்சைக் கேட்டு ஒரு குழந்தை நின்றது. இரண்டு நின்றது. பத்து நின்றது. ஆட்டுக்கல்லில் குழவியை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும், எந்தக் கையால் மாவைத் தள்ள வேண்டும், உலக்கை போடும்போது ஏன் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போடுவார்கள் என்று அத்தை சைகையோடு காட்டுகிறார்கள். அந்த டீச்சரம்மா, "பாட்டி, இன்னும் கொஞ்சம் சொல்லுங்க" என்று பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்துவிட்டார். எங்கள் ஃபிளாட்டில் ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பன்னிரண்டு வருஷமாக வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற அதே அத்தை! "பாட்டிக்கு இவ்வளவு தெரியுமா?" என்று என் பையன் கேட்டான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல? அவளிடம் நாம் யாருமே கேட்டதில்லையடா என்றா சொல்வேன்?

நடுவர் அவர்களே, என் முதல் வாதம் இதுதான். அருங்காட்சியகம் ஆட்டுக்கல்லைக் காப்பாற்றும். அந்தக் கல்லில் மாவைத் தள்ளிவிட்ட கை எங்கே இருக்கிறது? வீட்டில் இருக்கிறது! அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை உண்டு, டிக்கெட் உண்டு. வீட்டில் இருக்கிற பாட்டிக்கு விடுமுறையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. ஆனாலும் கூட்டம் அங்கேதான் போகிறது! (கைதட்டல்)

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். செட்டிநாட்டு வீட்டுக்குள் போனோம். எல்லோரும் தலையைத் தூக்கி மேலே மரவேலையைப் பார்க்கிறார்கள். அத்தை மட்டும் ஒவ்வொரு தூணாகக் குனிந்து குனிந்து கீழே பார்க்கிறார்கள். ஒரு தூணைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த தூண், அடுத்த தூண். முழங்கால் வலிக்காரி. "என்ன அத்தை தேடுறீங்க? ஏதாவது விழுந்துடுச்சா?" என்றேன்.

"இல்லம்மா. நம்ம முற்றத்துத் தூணுல வடக்கால இருக்கிறதுல ஒரு வெட்டு இருக்கும். உன் வீட்டுக்காரன் ஏழு வயசுல அரிவாளை எடுத்து விளையாடினான்ல, அது. நான் அவனைப் போட்டு அடிச்சிட்டு, அப்புறம் அந்த வெட்டுல விளக்கெண்ணெய் தடவிவிட்டேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் தடவுவேன். இங்கதானே கொண்டாந்து வச்சிருக்காங்கன்னு சொன்னே? எந்த வீட்டுல வச்சிருக்காங்க?"

அந்த இடத்தில் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். பொய் சொல்லும்போது ஒரு நொடி. அது வந்து முன்னால் நிற்கும்போது பன்னிரண்டு வருஷம்.

சொல்லிவிட்டேன். அந்தத் தூணுக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னேன். "அத்தை, நம்ம தூணு இங்க வரலை. வியாபாரி எடுத்துட்டுப் போயிட்டாரு. எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்."

அத்தை திட்டவில்லை. அந்தத் தூணில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றார்கள். அப்புறம் சொன்னார்கள்: "நீ பொய் சொல்றேன்னு அன்னிக்கே தெரியும்மா. உன் முகத்தைப் பார்த்தேன்ல. ஆனாலும், ஒருவேளை நெசமா இருந்துட்டா? வந்து பார்த்துடலாம்னுதான் வந்தேன்."

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, அன்று வீட்டுக்குத் திரும்பி வருகிறவரை நாங்கள் யாரும் பேசவில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அத்தை தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். அடியில் பழைய புடவைக்குள் சுற்றி ஒரு பித்தளைச் செம்பு. நான் பார்த்ததே இல்லை. "நீ தராசுல எடை போட்டுக்கிட்டிருந்தப்ப இதை ஒண்ணை மட்டும் மடியில மறைச்சுட்டேன். உன் நோட்டுல கணக்குக் குறைஞ்சுதா?" என்று கேட்டார்கள். குறையவில்லை, நடுவர் அவர்களே! ஏன்னா அப்படி ஒரு செம்பு இருக்கிறதே எனக்குத் தெரியாது. தெரிஞ்சாத்தானே குறையும்? (கைதட்டல்)

வாங்கிப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. இது நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டுவோம். பெரும்பாலும் அப்பா பேர் இருக்கும், இல்லாவிட்டால் அண்ணன் தம்பி பேர் இருக்கும். இதில் ஒரு பெண் பேர் இருந்தது. பக்கத்தில் 1963.

"யார் பேர் அத்தை?" "எங்க அம்மா பேரு. சீர்ச் சாமான்ல எல்லாம் எங்க அப்பா பேருதான் வெட்டினாங்க. இந்தச் செம்பு மட்டும் எங்கம்மா மோர் வித்த காசுல வாங்கினது. என் காசு, என் பேர்தான் வெட்டணும்னு பாத்திரக்கடையில நின்னு வெட்டி வாங்கிட்டு வந்துச்சு. அதுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புள்ளியைத் தடவித் தடவிப் பார்க்கும். அதைப் போய் எப்படிம்மா எடை போடுறது?"

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், தன் பேரை எழுதி வைத்த ஒரே இடம் அந்தச் செம்பு! (நீண்ட கைதட்டல்)

அன்றைக்கு அண்டாவிலும் தவலையிலும் என்னென்ன பேர் இருந்ததோ, நான் ஒன்றையும் படிக்கவில்லை. முள்ளைத்தான் பார்த்தேன். பேரைப் பார்க்கவில்லை.

இப்போது எதிரணி நண்பருக்கு வருகிறேன். இந்தச் செம்பை ஒரு அருங்காட்சியகத்தில் வைத்தால் என்ன எழுதி வைப்பார்கள்? "பித்தளைச் செம்பு. தஞ்சை வட்டாரம். இருபதாம் நூற்றாண்டு." எல்லாம் உண்மை. ஒரு எழுத்துத் தப்பில்லை. ஆனால் மோர் விற்ற காசு எங்கே? "என் பேர்தான் வெட்டணும்" என்ற அந்தப் பிடிவாதம் எங்கே? பொருளின் பேரைத்தான் அருங்காட்சியகம் எழுத முடியும். பொருளுக்கு உரியவர் பேரை வீடுதான் சொல்ல முடியும். வீடு சொல்லிக் கொடுத்தால்தான் அருங்காட்சியகமும் அதை எழுத முடியும்!

நண்பர் இன்னும் இரண்டு பேரைச் சொன்னார். மணிப்பாலில் பழைய வீடுகளைத் திரட்டி ஒரு கிராமத்தையே எழுப்பிய விஜயநாத் ஷெணாயைச் சொன்னார். புனேயில் இருக்கும் ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்தைச் சொன்னார். நல்ல உதாரணங்கள். எனக்குத்தான் உதவுகின்றன! ஷெணாய் எங்கே ஆரம்பித்தார்? தன் சொந்த வீட்டில். இடித்துப் போட்ட பழைய வீடுகளின் தூணையும் கதவையும் சேர்த்துத் தான் குடியிருக்க ஒரு வீடு கட்டினார். கேல்கர் விளக்கு, பாக்குவெட்டி என்று வீட்டுப் புழக்கத்துப் பொருளாக ஊர் ஊராய்த் தேடி ஆயிரக்கணக்கில் சேர்த்தார். அந்த அருங்காட்சியகத்தின் பேரில் இருக்கிற "ராஜா" யார்? எந்த ஊர் மகாராஜாவும் இல்லை. சின்ன வயதிலேயே இறந்துபோன அவருடைய மகன். அத்தனை பொருளையும் ஒரு தகப்பன் ஒரு குழந்தையின் பேரில் சேர்த்து வைத்திருக்கிறார். அந்தப் பேரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் பாக்குவெட்டிதானே? (கைதட்டல்)

1891-இல் சுவீடன் நாட்டில் ஸ்டாக்ஹோமில் ஹசேலியஸ் என்பவர் ஸ்கான்சென் என்று ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் தொடங்கினார். ஊரெங்கும் இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியதில் உலகத்து முன்னோடிகளில் அதுவும் ஒன்று. ஆலைகள் வந்து, கிராமத்து வாழ்க்கை கண்ணெதிரே மறைகிறதே என்ற பயத்தில் பிறந்த யோசனை அது. ஆக, அருங்காட்சியகம் எப்போது தேவைப்படுகிறது? வீடு கைவிடும்போது தேவைப்படுகிறது. அநாதை இல்லம் நல்லதுதான், அதை நடத்துகிறவர்கள் தெய்வங்கள்தான். அதற்காக, பிள்ளை வளர ஏற்ற இடம் அதுதான் என்று பட்டிமன்றத்தில் பேசலாமா? (பலத்த கைதட்டல்)

சரி, அண்டாவை எங்கே வைப்பது? கேள்வி நியாயமானது. பதில் சொல்லாமல் போனால் நடுவர் மார்க் குறைத்துவிடுவார். எல்லாவற்றையும் வைக்கச் சொல்லவில்லை. அண்டா வேண்டாம், பத்தாயம் வேண்டாம். ஒன்றே ஒன்று வையுங்கள். ஒரு செம்பு, ஒரு அஞ்சறைப் பெட்டி, ஒரு பாக்குவெட்டி, ஒரு மரக்கரண்டி. அதையும் ஷோகேஸில் பூட்டாதீர்கள். புழங்குங்கள். புழங்கினால் பேச்சு வரும். "இது யாருது?" என்று குழந்தை கேட்கும். எங்கள் வீட்டில் இப்போது அந்தச் செம்பு சாப்பாட்டு மேசையில் தண்ணீரோடு இருக்கிறது. வாரத்துக்கு ஒருநாள் புளி போட்டு விளக்குவது என் பையன் வேலை. முணுமுணுத்துக்கொண்டேதான் விளக்குகிறான். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், "இது எங்க கொள்ளுப்பாட்டி மோர் வித்து வாங்கினது" என்று அவன்தான் முதலில் சொல்கிறான்.

இடம் மாறியே தீரவேண்டும், விற்றே தீரவேண்டும் என்றால் வில்லுங்கள். நானே விற்றவள்தான். ஆனால் தராசில் ஏற்றுவதற்கு முன்னால், வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொன்றையும் கையில் கொடுத்து, "இது யாருது, எப்ப வந்தது?" என்று கேளுங்கள். கிலோ எழுதுகிற நோட்டில் பக்கத்திலேயே அதையும் எழுதுங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அதற்கு அறுநூறு சதுர அடி வேண்டாம், அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தை 2011-இல் நான் செலவழிக்கவில்லை. அதற்குத்தான் இன்று இந்த மேடையில் நின்று கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அருங்காட்சியகத்துக்கும் போங்கள். கட்டாயம் போங்கள். தனியாகப் போகாதீர்கள், வீட்டுப் பெரியவரை அழைத்துக்கொண்டு போங்கள். வேடிக்கை பார்க்க அல்ல, உங்களுக்குப் பாடம் சொல்ல அழைத்துக்கொண்டு போங்கள். அங்கே தூணும் திண்ணையும் காத்துக்கொண்டிருக்கும். அது என்னவென்று சொல்லத் தெரிந்தவர் உங்கள் வீட்டு ஜன்னலோர நாற்காலியில்தான் காத்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் அத்தைக்கு அந்தத் தூண் இனிமேல் கிடைக்கப் போவதில்லை. ஆனால் இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களில் யார் வீட்டிலாவது, ஏதாவது ஒரு ஹோட்டலிலாவது, ஒரு மரத்தூணில் முழங்கால் உயரத்தில் ஒரு அரிவாள் வெட்டு இருந்தால், தயவுசெய்து பொங்கலுக்குப் பொங்கல் கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவிவிடுங்கள். (நீண்ட கைதட்டல்)

மரத்தைக் காப்பாற்ற ஒரு கட்டடம் போதும். மனுஷியின் பேரைக் காப்பாற்ற ஒரு குடும்பம் வேண்டும். ஆகவே பழைய பொருள்களைக் காக்க ஏற்ற இடம் வீடே, வீடே!